நாய்க்காக நாட்டை விட்டுப் போகத் துணிந்த மந்திரி!

ஐஸ்லாந்து நாட்டின் தலைநகர் ரெய்க்யவிக். அங்கே ஒரு காலத்தில் நாய் வளர்ப்பது குற்றம்! 1924-ம் ஆண்டில் தடை போட்டார்கள்.

காரணம், ஒரு நாடாப்புழு. நோய் கண்ட ஆட்டின் ஈரலை நாய் தின்னும். நாயின் குடலில் புழு வளரும். அந்தப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், ஈரலில் நீர்க்கட்டி உண்டாகும். அப்படி மாண்டவர்கள் ஏராளம். ஆகவே, தடையில் நியாயம் இருந்தது.

நோய் அநேகமாக ஒழிந்தது. தடை ஒழியவில்லை! ஜனங்கள் திருட்டுத்தனமாக நாய் வளர்த்தார்கள்.

மந்திரி மீது புகார்

நிதி மந்திரி ஆல்பர்ட் குட்முண்ட்சன் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. பெயர் லூசி. 1984-ல் புகார் கிளம்பியது. லூசியைக் கைவிடுவதைவிட நாட்டை விட்டே போய்விடுவதாக மந்திரி சொன்னார்!

போகவேண்டிய அவசியம் வரவில்லை. அந்த ஆண்டே தடை தளர்ந்தது. அனுமதி வாங்கி நாய் வளர்க்கலாம் என்றார்கள்.

1988-ல் நகர மக்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் "நாய் வேண்டாம்" என்றார்கள்! ஆனாலும் அனுமதி நீடித்தது. வராமல் வீட்டில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

பூனைக் கட்சி

அதே நாட்டில் பூனைக்கும் வம்பு வந்தது. வடக்கே உள்ள அகுரேரி நகரில் பூனைகள் பறவைகளைக் கொல்வதாகப் புகார். 2025 முதல் பூனைகள் வெளியே திரியக்கூடாது என்று 2021-ல் நகரசபை தீர்மானித்தது. பூனைப் பிரியர்கள் கொதித்தார்கள். 2022-ல் தீர்மானம் மாறியது. இரவில் மட்டும் வீட்டில் அடைத்தால் போதும் என்றார்கள்.

அதோடு விட்டார்களா? இல்லை! அந்த ஆண்டு நகரசபைத் தேர்தலில் பூனைகளுக்காக ஒரு கட்சியே போட்டியிட்டது. ஓட்டு விழுந்தது. இடம்தான் கிடைக்கவில்லை.