ஓசூர் குளிருக்கு கீசரா, கேஸா? முதல்ல மீட்டரைப் பாருங்க



ஓசூர்ல குளிர்காலம் வந்துடுச்சான்னு தெரிஞ்சுக்க காலண்டர் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்க. சொட்டு விழலையா, வந்துடுச்சு. கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கோம். சென்னைக்காரங்க டிசம்பர்லயும் ஃபேன் போட்டுத் தூங்குவாங்க. நமக்கு ரெண்டு போர்வை பத்தாது.

குளிர்காலச் செலவுன்னா உடனே ஸ்வெட்டர், கம்பளின்னு நினைக்கிறோம். அதெல்லாம் ஒரு தடவை வாங்கினா நாலஞ்சு வருஷம் ஓடும். நம்ம ஊர்ல பர்ஸைத் தினமும் கடிக்கிறது வெந்நீர். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கிறவங்க விடியக்காலை நாலரைக்குக் குளிக்கணும். அந்த நேரத்துல டேங்க் தண்ணியைத் தொட்டுப் பாத்தவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

கீசர்ல காய்ச்சினா லாபமா, கேஸ் அடுப்புல காய்ச்சினா லாபமா? வீடியோல இந்தக் கணக்கை வேகமா ஓட்டிட்டேன். இங்க நிதானமா பார்ப்போம், ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

ஒரு குளியலுக்கு எவ்வளவு கரண்ட்?

20 லிட்டர் தண்ணியை 20 டிகிரி சூடேத்த கிட்டத்தட்ட 0.47 யூனிட் ஆகும். கீசர் டேங்க்ல வீணாப் போற சூட்டையும் சேர்த்து, ஆளுக்கு அரை யூனிட்னு வச்சுக்கோங்க. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு 2 யூனிட். ஈ.பி. ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அப்போ 60 நாளைக்கு 120 யூனிட். இந்த 120-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வேணும்.

இனி கேஸ். 14.2 கிலோ சிலிண்டர்ல இருக்கிற மொத்தச் சூட்டைக் கரண்ட் கணக்குல மாத்தினா சுமார் 180 யூனிட் வரும். ஆனா அடுப்புல மூணுல ஒரு பங்கு சூடு பாத்திரத்துக்குப் போகாம சமையலறைக் காத்துல போயிடும். தண்ணிக்குப் போய்ச் சேர்றது 120 யூனிட் அளவுதான். அதாவது அந்த ரெண்டு மாச வெந்நீருக்கு முழுசா ஒரு சிலிண்டர். விலை 870 ரூபாய்னு வச்சுக்கறேன். உங்க ரசீதுல வேற விலை இருந்தா அதைப் போட்டுக்கோங்க. 870-ஐ 120-ஆல வகுத்தா, கேஸ்ல ஒரு யூனிட் சூடு 7 ரூபாய் 25 காசு.

இப்போ ஈ.பி. பக்கம்

2024 ஜூலைல வந்த வீட்டுக் கட்டணத்தை வச்சுதான் கணக்கு போடறேன். ரேட் மாறினா புது ரேட்டைப் போட்டுக்கலாம், வழி ஒண்ணுதான். முதல் 100 யூனிட் இலவசம், இது 2016-ல இருந்து இருக்கு. 101-ல இருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.35. 201-ல இருந்து 400 வரை 4.80. 401-ல இருந்து 500 வரை 6.45.

500-ஐத் தாண்டினா ரெண்டு அடி விழும். 501-வது யூனிட்ல இருந்து ரேட் 8.55. அதோட, 101-200க்குக் கொடுத்த 2.35 சலுகையும் போய், அந்த நூறுக்கும் 4.80 போட்டுடுவாங்க. 500 யூனிட்ல நின்னா பில் 1,840 ரூபாய். 501 ஆனா 2,093.55. அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 253 ரூபாய்க்கு மேல!

ரெண்டு வீட்டை எடுத்துக்குவோம். முதல் வீட்ல கீசர் இல்லாம 330 யூனிட், பில் 859. கீசர் போட்டா 450 யூனிட், பில் 1,517.50. வெந்நீருக்குன்னு கூடுதலாப் போனது 658.50. சிலிண்டர் விலையை விட 200 ரூபாய்க்கு மேல கம்மி. இந்த வீட்டுக்கு கீசர்தான் சரி.

ரெண்டாவது வீட்ல பெரிய ஃப்ரிட்ஜ், ரெண்டு டிவி, கம்ப்யூட்டர். கீசர் இல்லாமலே 420 யூனிட், பில் 1,324. கீசர் போட்டா 540, பில் 2,427. கூடுதல் 1,103 ரூபாய். இங்க கேஸ் லாபம். அதை விட லாபம், ரெண்டு மாச மொத்தம் 490-ஐத் தாண்டாத அளவுக்கு மட்டும் கீசர், மீதி நாளுக்கு அடுப்பு.

"கீசர் போட்டா கரண்ட் பில் எகிறிடும்"னு சொல்றவங்களும் சரி, "கேஸ்தான் காஸ்ட்லி"ன்னு சொல்றவங்களும் சரி, அவங்கவங்க மீட்டரைப் பாத்துட்டு உங்க வீட்டுக்குச் சொல்றாங்க. அத்திப்பள்ளி பக்கம் குடியிருக்கிற கம்பெனி நண்பர்கள் பேச்சை இதுல கேக்கவே கேக்காதீங்க. கர்நாடகாவுல 2023-ல இருந்து க்ருஹ ஜோதி திட்டம் இருக்கு. பழைய சராசரி உபயோகத்தோட 10 சதவீதம் கூட்டி, மாசம் 200 யூனிட்டுக்குள்ள இருந்தா அவங்களுக்கு பில்லே கிடையாது. பத்து கிலோமீட்டர்ல கணக்கே வேற.

சப்-மீட்டர் வீட்ல இருக்கீங்களா?

இங்கதான் எனக்கு வயிறு எரியும். ஓசூர் வந்த புதுசுல ஒரு போர்ஷன்ல குடியிருந்தேன். ஒரே ஈ.பி. கனெக்‌ஷன், மூணு குடித்தனம், ஆளுக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய்னு ஹவுஸ் ஓனர் சொன்னார். சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். வாடகையில 300 ரூபாய் குறைச்சுப் பேசிட்டோம்னு பெருமை வேற! ஜனவரில கரண்ட் காசு மட்டும் மூவாயிரத்தை ஒட்டி வந்தப்போதான் உக்காந்து கணக்குப் போட்டேன்.

மேல சொன்ன ரேட்ல பாருங்க. வெந்நீர் இல்லாம 250 யூனிட் ஓடுற சின்னக் குடும்பம். தனி மீட்டர்னா பில் 475 ரூபாய். 8 ரூபாய் சப்-மீட்டர்ல 2,000. குளிர்காலத்துல அந்த 120 சேர்ந்து 370 யூனிட் ஆச்சுன்னா, தனி மீட்டர்ல 1,051. சப்-மீட்டர்ல 2,960. வித்தியாசம் 1,909. மாசத்துக்கு 950 ரூபாய்க்கு மேல உங்களுக்குத் தெரியாமலே வாடகை கூடுது. இலவச 100 யூனிட்டும் உங்க கைக்கு வரலை.

ஓனர் பக்கமும் சொல்லிடறேன். மூணு குடித்தனம் சேர்ந்து 750 யூனிட் ஓட்டினா அவருக்கு வர்ற பில் 4,387.50, சராசரி 5.85. மோட்டார், படிக்கட்டு லைட் செலவும் இருக்கு. அதனால 6 ரூபாய் கேட்டா நியாயம்னு நானே சொல்வேன். 8, 10 கேட்டா அது வியாபாரம். ஈ.பி. பில்லைக் காட்டச் சொல்லி மரியாதையாப் பேசிப் பாருங்க. எங்க ஓனர் காட்டலை, நான் அடுத்த குளிருக்குள்ள வீடு மாத்திட்டேன். புது வீட்டுக்கு வாடகை 500 ரூபாய் அதிகம், ஆனா தனி சர்வீஸ் நம்பர். கூட்டிக் கழிச்சுப் பாத்தா கையில மிச்சம்தான்.

வீடு மாத்த முடியாதவங்களுக்கு: 8 ரூபாய் மீட்டர்ல 120 யூனிட் வெந்நீர் 960 ரூபாய், கேஸ்ல 870. அடுப்புல காய்ச்சுங்க. 10 ரூபாய் மீட்டர்னா யோசிக்கவே வேண்டாம்.

யூனிட்டைக் குறைக்கிற வழி

நம்ம ஊர்ல குளிர்காலத்துலயும் பகல்ல வெயில் நல்லா அடிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மொட்டை மாடி டேங்க் தண்ணி, விடியக்காலைத் தண்ணியை விட நல்லாவே வெதுவெதுன்னு இருக்கும். பசங்க ஸ்கூல் விட்டு வந்ததும் குளிக்க வச்சிடுங்க. 20 டிகிரி ஏத்த வேண்டிய இடத்துல 14 டிகிரி ஏத்தினாப் போதும்னா, அந்தக் குளியல்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மிச்சம்.

கீசர் தெர்மோஸ்டாட்டை 70-ல வச்சுக் கொதிக்க விட்டு, பச்சைத் தண்ணி கலந்து குளிக்கிறதுல அர்த்தமே இல்லை. 45-50 போதும். ஒருத்தர் குளிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொருத்தர்னு இழுக்காம, வரிசையாக் குளிச்சு முடிங்க. ஷவரை விட பக்கெட்.

ஒரு நல்ல செய்தி, குளிர்ல ஃபேன் ஓடாது. 75 வாட் ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினா 60 நாளைக்கு 45 யூனிட். ரெண்டு ஃபேன் நின்னாலே 90 யூனிட் மிச்சம். கீசர் சாப்பிடறதுல முக்கால்வாசியை அதுவே ஈடுகட்டிடும். ஃபேனையும் ஓட விட்டுப் போர்வையும் போத்திக்கிற ஆளுங்க வீட்ல இருந்தா, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

வாட்டர் ஹீட்டர் ராடு வச்சிருக்கவங்க ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாருங்க. ஸ்விட்சை அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணியைத் தொடணும். கேஸ் கீசரை மூடின பாத்ரூமுக்குள்ள மாட்டாதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பெங்களூர்ல இதனால உயிர் போன செய்தி வந்துக்கிட்டே இருக்கு. 500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறதுக்கு இந்த ரிஸ்க் வேண்டாம்.

சொந்த வீடுன்னா சோலார் வாட்டர் ஹீட்டர். 20,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, முதல் வீட்டுக் கணக்குப்படி வருஷம் பூரா வெந்நீர்ல குளிச்சாலும் மிச்சம் 3,950 தான். போட்ட காசு திரும்ப அஞ்சு வருஷம் ஆகும். 540 யூனிட் வீட்டுக்கு மூணே வருஷம். வெயில் காலத்துல பச்சைத் தண்ணில குளிக்கிற குடும்பமா இருந்தா ரெண்டுமே இன்னும் இழுக்கும், அவசரப்படாதீங்க.

சமையலறை பத்தி ஒரு வரி. மாவு புளிக்கலைன்னு பாக்கெட் மாவுக்கு ஓடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு, பாத்திரத்தை ஹாட் பாக்ஸ்ல வச்சு, ரெண்டு மணி நேரம் கூட விடுங்க. உழவர் சந்தையில அவரைக்கொட்டை குவிஞ்சிருக்கும் காலம் இது. ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வச்சா, குளிருக்கும் பர்ஸுக்கும் சேர்த்தே இதம்.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. போன தடவை ரீடிங் எடுத்த தேதியையும் நம்பரையும் ஈ.பி. கார்டுலயோ போன்ல வந்த மெசேஜ்லயோ பாருங்க. இப்போ மீட்டர்ல இருக்கிற நம்பரை ஒரு போட்டோ எடுங்க. எங்க வீட்ல 38 நாள்ல 291 யூனிட் ஓடியிருக்கு. இன்னும் 22 நாள் பாக்கி, இதே வேகத்துல போனா 460-ல நிக்கும். கீசர் ஓடலாம்.