உங்களுக்குத் தெரியுமா? – ஐந்தரை மணி நேரம் தப்பும் ஆஃப்செட்

திருப்பதி மாவட்டம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14, பிற்பகல் 2.35 மணிக்கு. அந்த நிமிடம் தொடங்கி வந்த செய்திகளை காஃப்கா என்ற செய்திப் பரிமாற்ற மென்பொருளின் ஒரு வரிசையிலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ஆஃப்செட்டை நேரப்படி மாற்றும் கட்டளையில் 2023-07-14T14:35:00.000 என்று மட்டும் கொடுத்தால், காஃப்கா அதை உலகப் பொது நேரமாகவே எடுத்துக்கொள்ளும். இந்தியக் கடிகாரத்தில் அது இரவு 8.05. இடைப்பட்ட ஐந்தரை மணி நேரச் செய்திகள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். பிழை என்று எதுவும் திரையில் வராது. நேரத்தின் பின்னால் +05:30 சேர்ப்பதுதான் மருந்து.

கொடுத்த நேரத்திலோ அதற்குப் பிறகோ முத்திரையிடப்பட்ட முதல் செய்தியைத்தான் காஃப்கா வரிசையின் ஒவ்வொரு பிரிவிலும் (பார்ட்டிஷன்) தேடுகிறது. வழக்கமான அமைப்பில் முத்திரை இடுவது செய்தியை அனுப்பும் கணினி. அதன் கடிகாரம் தப்பினால் ஆஃப்செட்டும் தப்பும். கட்டளையில் கொடுத்த நேரத்துக்குப் பிறகு செய்தியே இல்லையென்றால் ஆஃப்செட் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். செய்திகளைப் படிக்கும் நிரல்களான கன்ஸ்யூமர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றம் ஏற்கப்படாது, முதலில் நிறுத்த வேண்டும். ‘எக்ஸிக்யூட்’ சேர்க்காமல் கட்டளையை ஓட்டினால் புதிய ஆஃப்செட்டுகளைக் காட்டும், எதையும் மாற்றாது. தவறு கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த ஒத்திகையில்தான்.