தாய் சேய் நலமும் நாஞ்சில் நாட்டுக் குடியானவர் கடமையும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கும்பப்பூவிற்கு விதைநெல்லைப் பொறுக்கியெடுத்து, நாற்றங்காலுக்கு எருவிட்டுப் பேணுகின்றவர், தம் வீட்டில் கருவுற்றிருக்கும் பெண்ணின் ஆகாரத்தையும் ஓய்வையும் அவ்வளவு கவனிப்பதில்லை. நாற்று மெலிந்தால் ஒரு பூ நஷ்டம். தாய் மெலிந்தால் ஒரு தலைமுறைக்கே நஷ்டம்.

முன்னாளைய நிலை

இப்பகுதிக்கு மேனாட்டு வைத்தியம் புதிதன்று. லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-ம் வருஷத்திலேயே நெய்யூரில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். ஆயினும் கிராமத்துப் பிரசவங்கள் நெடுங்காலம் மருத்துவச்சிகள் கையிலேயே நடந்துவந்தன. கையும் கருவியும் சுத்தமில்லாமையால் தாய்க்குப் பேறுகால ஜுரமும் சேய்க்கு இசிவு ஜன்னியும் கண்டு உயிர்ச்சேதம் நேர்ந்தது. திருவனந்தபுரத்தில் பிரசவ வைத்தியம் செய்த டாக்டர் மேரி புன்னன் லூகோஸ் அம்மையார் மருத்துவச்சிகளின் குடும்பத்துப் பெண்களுக்கு முறையான பயிற்சி கிடைக்க வழிசெய்தார். 1938-ல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலூகாக்கள் 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபின், அவ்வரசின் சுகாதாரத் திட்டங்கள் இங்கும் வந்தன.

இரத்தசோகை

இப்பொழுது பிரசவம் பெரும்பாலும் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றது. ஆனால் இரத்தசோகை நம்மை விட்டு அகலவில்லை. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையாகும். இதனால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பிரசவத்தில் சிறிதளவு உதிரம் மிகுந்தாலும் தாயின் உயிருக்கே அபாயம்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆகாரம். மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்புமேயன்றி, அதில் புரதமும் இரும்புச் சத்தும் மிகக் குறைவு. மற்றொன்று, கொக்கிப்புழு. மலம் கழித்த ஈரமண்ணில் வளரும் இப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். ராக்பெல்லர் ஸ்தாபனத்தாரின் உதவியோடு திருவிதாங்கூரில் இதனை ஒழிக்கும் வேலை முன்னரே நடைபெற்றதுண்டு. கக்கூசை உபயோகிப்பதும், தோப்புக்கும் கொல்லைக்கும் செருப்பணிந்து செல்வதும் இதற்குச் சிறந்த தடைகளாம்.

கிடைக்கும் உதவிகள்

கர்ப்பம் உறுதியானவுடன், 12 வாரங்களுக்குள், கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை, புழு மருந்து, இசிவு தடுக்கும் ஊசி யாவும் இலவசம். மாத்திரையை நான்காம் மாதம் முதல் 180 நாள் தவறாது உண்க. தேயிலைத் தண்ணீருடன் உண்ணின் சத்து உடலிற் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நன்கு சேரும்.

அங்கன்வாடிகளில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு தருகின்றனர். 1987-ல் தோன்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஏழைத் தாய்மாருக்கு முதலிரண்டு பிரசவங்களுக்கு, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் அளவுக்கு உதவி வழங்கப்படுகின்றது. வலி கண்டால் 108-ஐ அழைக்க வண்டி வரும். பிறந்த சிசுவுக்கு ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறொன்றும், தண்ணீருங்கூட, வேண்டுவதில்லை.

குடியானவர் செய்யத்தக்கவை

கிணற்றடியில் வீணாகும் நீரைக்கொண்டு முருங்கை ஒன்றும், கீரைப் பாத்தி இரண்டும், பப்பாளி ஒன்றும் வளர்க்கலாம். பழுத்த பப்பாளி பிள்ளைகளுக்கு நல்லது. வரப்பில் உளுந்தும் பயறும் விதைக்கலாம். சாளை மீனும் முட்டையும் இயன்றவளவு கர்ப்பிணிக்கு முதலிற் பரிமாறுக. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் அவளுக்கு ஆகாது.

இறுதியாக நிலமுடையோருக்கு ஒரு வார்த்தை. நடுகைக் காலத்தில் ஒரு நாள் கூலியும் போய்விடுமே என்றஞ்சிக் கர்ப்பத்தை மறைத்துக் குனிந்து நாற்று நடும் பெண்கள் உளர். பரிசோதனை நாளன்று அவர்களுக்குக் கூலியோடு விடுமுறை அளிப்பீர்களாயின், செலவு ஒரு நாட் கூலிக்கு மிகாது. காப்பதோ இரண்டு உயிர். வரும் நடுகையிலேயே இதனைத் தொடங்குவது நலம்.