டெஸ்டிங்தானா?

மயூர் விஹார் பூங்காக்களில் மாலை நடைக்குப் போகிறவர்கள் இந்த உரையாடலைக் கேட்டிருப்பீர்கள்.

"பையனுக்கு நொய்டாவுல வேலை கிடைச்சிருக்காமே! என்ன வேலை?"

"சாஃப்ட்வேர்தான் மாமா. ஆனா... டெஸ்டிங்."

அந்த ‘ஆனா’வில் குரல் இறங்கிவிடும். கேட்டவரும், "அதனால என்ன, ரெண்டு வருஷத்துல புரோகிராமிங்குக்கு மாறிடலாம்" என்று துக்கம் விசாரிப்பது போல ஆறுதல் சொல்வார். எழுதுகிறவன் பெரியவன், சரிபார்க்கிறவன் அவனுக்கு ஒரு படி கீழே என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். மென்பொருள் சோதனை பற்றி நிலவும் மூன்று தவறான எண்ணங்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

பட்டனைத் தட்டிப் பார்ப்பதுதானே?

ரயில் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிப் படுக்கை கேட்காவிட்டால், ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் அரைக் கட்டணம். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். 2016 முதல் இதுதான் விதி. இதற்கு ஒரு புரோகிராம் எழுதியாயிற்று. நாமாக இருந்தால் 8 என்று ஒரு வயது, 30 என்று ஒரு வயது கொடுத்துப் பார்த்துவிட்டு, "பேஷா வேலை செய்யறதே" என்போம். தேர்ந்த டெஸ்டர் 4, 5, 11, 12 என்று கொடுப்பார். ‘ஐந்துக்குக் கீழே’ என்பதற்கும் ‘ஐந்து வரை’ என்பதற்கும் புரோகிராமில் ஒரு குறியீடுதான் வித்தியாசம். பிழைகள் பெரும்பாலும் இப்படி எல்லைக்கோட்டில்தான் ஒளிந்திருக்கும். பிறகு 0 கொடுப்பார், 150 கொடுப்பார், ஒன்றுமே கொடுக்காமலும் பார்ப்பார். எல்லாவற்றையும் சோதிக்க ஆயுள் போதாது. எந்தப் பத்தைச் சோதித்தால் பிழை அகப்படும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் தொழில் திறமை இருக்கிறது.

இன்னொரு உதாரணம், நாம் எல்லோரும் அனுபவித்தது. வடக்கே எந்தப் படிவத்தைத் திறந்தாலும் ‘குடும்பப் பெயர்’ கட்டாயம். நமக்கோ இனிஷியல் மட்டும்தான். ‘எஸ்’ என்று ஓர் எழுத்துப் போட்டால் கணினி ஏற்காது. வேறு வழியில்லாமல் ஓரிடத்தில் அப்பா பெயர், இன்னோரிடத்தில் ஊர்ப் பெயர் என்று நிரப்பிவிட்டு, பின்னால் சான்றிதழ்கள் ஒத்துப்போகவில்லையே என்று நோட்டரியிடம் அலைகிறோம். புரோகிராம் எழுதியவர் கெட்டவர் அல்லர். உலகத்தில் எல்லோருக்கும் தன்னைப் போலவே பெயர் இருக்கும் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். "குடும்பப் பெயரே இல்லாதவர் வந்தால் என்ன ஆகும்?" என்று ஆரம்பத்திலேயே ஒருவர் கேட்டிருந்தால் எத்தனை அலைச்சல் மிச்சம்! அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் டெஸ்டரின் வேலை.

பாகங்கள் சரி என்றால் முழுதும் சரிதானே?

நம் பிங்க் லைன் மெட்ரோவை நினைத்துப் பாருங்கள். 2018 அக்டோபரில் திரிலோக்புரியிலிருந்து ஷிவ் விஹார் வரை வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி, மறுபக்கத்துப் பாதை மயூர் விஹார் பாக்கெட் 1 வரை வந்து சேர்ந்தது. இரண்டும் நன்றாக ஓடின. ஆனால் நடுவில் நிலப் பிரச்சினையால் ஒரு சிறு துண்டு நின்றுபோனது. அது 2021 ஆகஸ்ட் 6ஆம் தேதி இணையும் வரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே வண்டியில் போக முடியவில்லை. மெட்ரோவில் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. மென்பொருளில் அது கண்ணுக்குத் தெரியாது. தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் சாட்சி. பழைய ஏரியான் 4இல் ஒழுங்காக வேலை செய்த ஒரு மென்பொருள் பாகத்தை இதிலும் வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம். அந்த எண், அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. 1996 ஜூன் 4 அன்று, புறப்பட்டு ஒரு நிமிஷம்கூட ஆகாமல் ராக்கெட் சிதறியது. புதிய ராக்கெட்டின் பாதைக் கணக்கைக் கொடுத்து அந்தப் பாகத்தை முன்னதாகச் சோதிக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

சோதித்தாயிற்று, இனிப் பிழையே இராது?

சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று நிரூபிக்க முடியாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எப்போதோ சொல்லிவிட்டார். இதன் பொருளை நமக்கு உணர்த்தியது சந்திரயான்.

2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் விக்ரம், நிலவைத் தொடும் நேரத்தில் தொடர்பை இழந்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்ய வேகமாகத் திரும்ப வேண்டிய நேரத்தில் மென்பொருளில் வைத்திருந்த வரம்பு தடுத்தது. இறங்க வேண்டிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று சிறியது.

அடுத்த முறை இஸ்ரோ கேள்வியை மாற்றியது. "எப்படி வெற்றி பெறும்?" என்பதை விட்டு "எதெல்லாம் தவறலாம்?" என்று கேட்டார்கள். உணர்கருவி பழுதானால்? எஞ்சின் பழுதானால்? கணக்கே தவறினால்? ஹெலிகாப்டரில் கருவிகளைப் பொருத்திச் சோதித்தார்கள்; உயரமான கிரேனில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. நிலா மண்ணைப் போன்ற மண், இந்தத் திட்டங்களின் சோதனைகளுக்காக நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறைகளிலிருந்து போனது. 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை, விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, சந்திரயான் 3 பத்திரமாக இறங்கியது.

இப்போது ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கருவிகள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவும் கைகொடுக்கிறது. ஆனால் இனிஷியல் மட்டும் உள்ள தாத்தாவையும், நாளை ஐந்து வயது நிரம்பப்போகும் குழந்தையையும் நினைத்துப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய நாள் இரவு, எல்லோரும் அவசரப்படுத்தும்போது, "இது இன்னும் தயாரில்லை" என்று சொல்லும் தைரியமும் அவருக்கு வேண்டும்.

ஆகவே அன்பர்களே, பூங்காவில் அடுத்த முறை யாராவது ‘டெஸ்டிங்’ என்றால் ஆறுதல் சொல்லாதீர்கள். "சமீபத்துல என்ன பிழை கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் குரல் இறங்காது.