இன்றிரவு ஒன்பதரைக்கு மின்சாரம் நிற்காது

சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே கீழ்க்கண்ட எண்ணில் மின்வாரிய அதிகாரியைக் கூப்பிடவும். இந்தப் பொருளில் ஒரு குறுஞ்செய்தி 2022-இல் தமிழ்நாட்டில் ஏராளமான கைபேசிகளுக்கு வந்தது. அப்போது காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சி. சைலேந்திர பாபு, காணொளி வெளியிட்டு மக்களை எச்சரித்தார். அதன்பிறகும் அந்தச் செய்தி ஓயவில்லை. எண் மாறுகிறது, வாசகம் கொஞ்சம் மாறுகிறது, சூழ்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது.

சென்னையின் நங்கநல்லூர் போன்ற இடத்தில் இந்தச் செய்தி எடுபடுவதற்குக் காரணம் உண்டு. இந்து காலனியிலும் சிவில் ஏவியேஷன் காலனியிலும் அவற்றைச் சுற்றிய தெருக்களிலும் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். வீட்டுவரி, கரண்ட் பில், காப்பீட்டுத் தவணை எதையும் கெடு தாண்ட விடாமல் வாழ்நாளெல்லாம் கட்டியவர்கள் இவர்கள். “நீங்கள் பணம் கட்டவில்லை” என்று ஒருவன் சொன்னால் அவர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிடுகிறது. லாட்டரிப் பரிசு என்று வந்தால் சிரித்துவிட்டு அழித்துவிடுகிறவர், பாக்கி என்று வந்தால் பதறிப்போய் போனை எடுக்கிறார். மோசடிக்காரர்கள் நம் பேராசையை நம்பிப் பிழைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் ஒழுங்கையும் அவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அந்த எண்ணைக் கூப்பிட்டால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எதிர்முனையில் மரியாதையாகப் பேசுவார்கள். “நீங்க கட்டிட்டீங்க சார், எங்க சிஸ்டத்துல அப்டேட் ஆகலை, அவ்வளவுதான்” என்பார்கள். சரிசெய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர், குவிக்சப்போர்ட் என்று பெயர்கள் வரும். இவை போலிச் செயலிகள் இல்லை. தொலைவில் இருக்கும் கணினியைப் பழுதுபார்க்க நிறுவனங்கள் பயன்படுத்தும் மெய்யான கருவிகள்தான். அதனால்தான் ப்ளே ஸ்டோரிலேயே கிடைக்கின்றன, சந்தேகமும் எழுவதில்லை. செயலி காட்டும் எண்ணைப் படித்துச் சொல்லி, கேட்கும் அனுமதிகளைக் கொடுத்த நொடியிலிருந்து, உங்கள் திரையில் தெரிவதெல்லாம் அவர்கள் திரையிலும் தெரியும்.

அடுத்து, பதிவுக்காக வெறும் பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள். பத்து ரூபாய்தானே என்று டெபிட் கார்டு எண்ணையும் மற்ற விவரங்களையும் நீங்கள் தட்டும்போது அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய தொகைக்கு அவர்கள் முயலும்போது வங்கி அனுப்பும் ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தான் வரும். திரை அவர்களுக்குத் தெரிவதால் நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவையே இல்லை. “நான் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவில்லையே” என்று பலர் புலம்புவது உண்மையான புலம்பல். இந்த வழிமுறையைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

இதையெல்லாம் தடுக்க உண்மை நிலவரம் தெரிந்தாலே போதும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து கட்டுவதற்கு 20 நாள் அவகாசம் உண்டு. மாதாமாதம் பில்லே இல்லாதபோது “சென்ற மாத பில்” எங்கிருந்து வரும்? ஐயம் இருந்தால், 2021 ஜூன் முதல் இயங்கும் மின்வாரிய நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் கேட்கலாம். பகலில் பிரிவு அலுவலகத்துக்கு நடந்தே போய்க் கேட்டுவரலாம்.

அடுத்த சூழ்ச்சி, வீடு வாடகைக்கு விடுகிறவர்களைக் குறிவைக்கிறது. இணையத்தில் “டூ லெட்” விளம்பரம் போட்ட சில மணி நேரத்தில் ஒருவர் கூப்பிடுகிறார். ராணுவத்திலோ மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிலோ பணியாற்றுவதாகவும், சென்னைக்கு மாற்றலாகி வருவதாகவும் சொல்கிறார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. விமான நிலையமும் பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையமும் அருகிலேயே இருக்கும் ஊரில் இதை நம்பாமல் இருப்பது கடினம். வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் தருகிறேன் என்பார். பணம் பெற இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்பார். நாட்டின் பல நகரங்களில் இதே கதையில் வீட்டுக்காரர்கள் பணம் இழந்திருக்கிறார்கள்.

யு.பி.ஐ. 2016-இல் அறிமுகமானது முதல் அதன் அடிப்படை விதி ஒன்றுதான்: பணம் உங்களை விட்டுப் போகும்போது பின் எண் தேவை. பணம் உங்களிடம் வர பின் எண்ணும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் பணக் கோரிக்கைகள் வழியாக ஏமாற்றுவது பெருகியதால், 2025 அக்டோபர் 1 முதல் அந்த வசதியையே யு.பி.ஐ.-யை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. கியூஆர் கோடு வழியான ஏமாற்று அதனால் முடிந்துவிடவில்லை.

பணம் போனால் வங்கி திருப்பித் தந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. இதற்கான விதியை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வெளியே எங்கோ நடந்தது என்றால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் என்றால் ஓர் உச்சவரம்பு வரை அவர் ஏற்க வேண்டும். ஆனால் ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன தொகை முழுவதும் அவருடையது. தெரிவித்தபிறகு போவதற்குத்தான் வங்கி பொறுப்பு. மேலே சொன்ன சூழ்ச்சிகள் எல்லாம் விவரத்தை உங்கள் கையாலேயே வாங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். பணத்தோடு உங்கள் சட்டப் பாதுகாப்பையும் அவர்கள் பறிக்கிறார்கள்.

இழப்பின் அளவும் சிறியதில்லை. இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 2023-இல் 7,465 கோடி ரூபாய், 2024-இல் 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஓராண்டில் மூன்று மடங்கு.

ஆகவே முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை சில. ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் இருக்கும் கணக்கை ஜிபே, போன்பே எதிலும் இணைக்காதீர்கள். வேறொரு கணக்கில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் போட்டு அதை இணையுங்கள். அப்போது என்ன நடந்தாலும் போவது அந்த அளவுதான். கார்டில் இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தனித்தனியே நிறுத்திவைக்கும் வசதியை 2020 முதல் வங்கிகள் தர வேண்டும் என்பது விதி. வெளிநாட்டுத் தளங்கள் பல ஓ.டி.பி. கேட்பதே இல்லை என்பதால், பயணம் இல்லாத நாளில் அந்த வாசலைத் திறந்துவைக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். கார்டின் பின்புறத்திலும் பாஸ்புக்கிலும் அச்சான எண்ணையே கூப்பிடுங்கள். வங்கியின் இணையதள முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் இறுதிக்குள் எல்லா வங்கிகளும் அந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, அபராதச் சீட்டு என்ற பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வந்தால் தொடவே வேண்டாம். அது பத்திரிகை இல்லை, உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கக்கூடிய செயலி.

இத்தனையும் நினைவில் நிற்காவிட்டாலும் ஒரு பழக்கம் காப்பாற்றும். யார் கூப்பிட்டாலும், எந்தக் காரணம் சொன்னாலும், அந்த அழைப்பு முடிவதற்குள் பணம் தொடர்பாக எதையும் செய்யாதீர்கள். “வைங்க, நானே விசாரிச்சுக்கறேன்” என்று சொல்லுங்கள். உண்மையான அலுவலகம் எதுவும் இதற்குக் கோபித்துக்கொள்ளாது. எதிர்முனை மிரட்டினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

மீறி ஏமாந்துவிட்டால் முதல் வேலை இணைய இணைப்பைத் துண்டிப்பது. இரண்டாவது, வேறொரு போனிலிருந்து 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணைக் கூப்பிடுவது, கூடவே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குவது. திருடிய பணம் வாடகைக்குப் பிடித்த கணக்குகள் வழியே ஒன்றிலிருந்து பத்து, பத்திலிருந்து நூறு என்று பிரிந்து ஓடும். 1930-இல் பதிந்த புகார் அந்தந்த வங்கிகளுக்குப் போய், இன்னும் எடுக்கப்படாத தொகையை நிறுத்திவைக்கிறது. இப்படிக் காப்பாற்றப்பட்ட தொகை 2025 நடுப்பகுதிக்குள் 5,400 கோடியைத் தாண்டியிருந்தது. நிமிடங்களில் சொன்னவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, மறுநாள் சொன்னவர்களுக்குக் குறைவு. புகாரின் எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

அந்த முதல் மணி நேரத்தை வீணாக்குவது பெரும்பாலும் வெட்கம்தான். படித்த நான் ஏமாந்தேனே, பையனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரவைக் கழித்துவிடுகிறார்கள். பிள்ளைகளே, இன்று கூப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: எவ்வளவு போனாலும் ஒரு வார்த்தை திட்ட மாட்டோம், முதலில் 1930, அடுத்த நிமிடம் எங்களுக்கு. அந்த உறுதி இருக்கும் வீட்டில்தான் புகார் நேரத்தோடு போய்ச் சேரும்.