மகள் கையில் விளக்கு

பெங்களூரு நெடுஞ்சாலை பிடித்து மைசூர் போகும் நேயர்களே, பெரிய அரண்மனையோடு திரும்பிவிடாதீர்கள். ஜெகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடத்தில் ஒரு பெண் விளக்கேந்தி நிற்கிறாள். ரவிவர்மா வரைந்தது என்றே பலரும் சொல்வார்கள், இல்லை. மும்பை ஓவியர் எஸ். எல். ஹல்தங்கர் 1940-களில் தம் மகள் கீதாவை நிற்கவைத்துத் தீட்டியது. படத்தில் வெளிச்சத்துக்கு அந்தச் சுடரே கதி. அதை மறைத்த விரல்கள் செவ்வொளியில் கனல்கின்றன. முகமும் அந்த ஒளியில்தான் துலங்குகிறது. அத்தனையும் நீர்வண்ணம்! எண்ணெய் வண்ணம்போல் மேலே வெள்ளை பூசித் திருத்த அதில் வழி குறைவு. ஒளி வேண்டிய இடத்தில் தாளின் வெண்மையை முன்கூட்டியே காத்துவைக்க வேண்டும். என்ன நிதானம் அந்தக் கைக்கு! போனால் அந்த விரல்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.