கதை எழுதி வரி கட்டிய அம்மணி!

நல்ல கம்பெனி வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். அதை விட்டுவிட்டு வந்து கணவன் ஒரு தொழில் தொடங்குகிறான்... ஊத்தல்! அடுத்து ஒரு கடை. ஓடுகிறது, ஆனால் குடும்பம் நடத்தும் அளவுக்கு ஓடவில்லை. சில வருஷம் கழித்து, வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறான். அத்தனை வருஷமும் வீட்டில் அடுப்பு எரிவது மனைவியின் சம்பாத்தியத்தில்.

நம்ம ஊராக இருந்தால் மாமனார் ரெண்டு பேரைக் கூட்டிவந்து பஞ்சாயத்தே வைத்திருப்பார்.

இது நடந்தது இங்கிலாந்தில், 1930-களில். மனைவியின் உத்தியோகம் என்ன தெரியுமோ? காதல் கதை எழுதுவது!

பெயர் ஜார்ஜெட் ஹேயர். (ஜார்ஜெட் என்றதும் புடவை ஞாபகம் வந்தால் தப்பில்லை. அப்பா பெயர் ஜார்ஜ், அதனால் மகள் ஜார்ஜெட். அவ்வளவுதான்!) 1902-ல் லண்டனையொட்டிய விம்பிள்டனில் பிறந்தவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். குதிரை வண்டி, நடன விருந்து, மடிப்புக் கலையாத கழுத்துத் துணி கட்டிய பிரபுக்கள் என்று 1811-லிருந்து 1820 வரையிலான 'ரீஜென்சி' காலத்து இங்கிலாந்தை வைத்து ஒரு தனி ரகக் காதல் நாவலையே உருவாக்கிக் கொடுத்தவர். இன்றைக்கும் அந்த ரகத்தில் எழுதுகிற அத்தனை பேருக்கும் இவர்தான் பாட்டி.

கதைகளில் ஒரே கொண்டாட்டம். வீட்டிலோ ஒரே கணக்கு நோட்டு! அந்த இரண்டாவது கதைதான் நமக்கு வேண்டியது.

தம்பிக்குச் சொன்ன கதை

ஜார்ஜெட்டின் தம்பி போரிஸுக்கு ரத்தம் சரியாக உறையாத வியாதி. சின்னக் காயம் பட்டாலும் பெரிய தொல்லை. 1920-ல் உடம்பு தேறுவதற்காக அவனைக் குடும்பத்தோடு ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிப் போனார்கள். கடற்கரை ஊர்தான். ஆனால் படுத்திருக்கிற பையனுக்கு அலையாவது, மணலாவது? பொழுது போகவில்லை.

அக்காவுக்கு வயது 17. தம்பிக்காக ஒரு கதை கட்ட ஆரம்பித்தாள். வழிப்பறிக்காரனாகத் திரியும் ஒரு பிரபு, கடத்தப்படும் அழகி, கத்திச் சண்டை... சகல மசாலாவும் உண்டு. காதில் வாங்கிக்கொண்டிருந்த அப்பா, இதை ஒழுங்காக எழுதிப் புத்தகமாகப் போடலாமே என்றார். 1921-ல் 'தி பிளாக் மாத்' வெளிவந்தது. எழுத்தாளருக்கு வயது 19!

லீவில் போன இடத்தில் நமக்கெல்லாம் கிடைப்பது சளியும் ஜலதோஷமும். இவருக்குக் கிடைத்தது ஆயுசுக்கும் ஒரு தொழில்.

லீவில் பார்த்த பையன்

லீவு சமாச்சாரம் இதோடு முடியவில்லை. அதே 1920-ல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஹேயர் குடும்பமும் ரூஜியர் குடும்பமும் ஒரே ஹோட்டலில் வந்து தங்கின. அங்கேதான் ரொனால்ட் ரூஜியர் அறிமுகம். சுரங்க என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த பையன். கண்டதும் காதல், ஓடிப்போய்க் கல்யாணம் என்று அம்மணி எழுதும் கதை மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நாலு வருஷத்துக்கு மேல் நிதானமாகப் பழகினார்கள். 1925 வசந்தத்தில் நிச்சயதார்த்தம்.

அடுத்த மாதமே இடி விழுந்தது. வருங்கால மாப்பிள்ளையோடு டென்னிஸ் ஆடிவிட்டு வந்த அப்பாவுக்கு மாரடைப்பு. போய்விட்டார். மகளின் முதல் வாசகர், முதல் விமரிசகர், முதல் பக்கபலம் எல்லாமே அவர்தான். பென்ஷன் எதுவும் கிடையாது. அம்மா இருக்கிறார், இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். அதில் ஒருவன் சீக்காளி, இன்னொருவன் பள்ளிக்கூடம் போகிற வயசு.

ஆகஸ்ட் 18-ல் எளிமையாகக் கல்யாணம். பெண்ணுக்கு 23 வயது முடிந்து இரண்டே நாள். தம்பிகளின் பொறுப்பு அந்தப் பெண்ணின் தலையில். பொழுதுபோக்காக இருந்த பேனா, அன்றையிலிருந்து சம்பாதித்துப் போடவேண்டிய பேனா ஆயிற்று.

மறு வருஷம், 1926-ல், 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' வந்த நேரம் பாருங்கள்... இங்கிலாந்து முழுக்கப் பொது வேலைநிறுத்தம்! பத்திரிகை இல்லை, விளம்பரம் இல்லை, விமரிசனம் இல்லை. புத்தகம் படுத்துவிடும் என்றுதானே நினைப்போம்? 1,90,000 பிரதிகள் விற்றது! அப்புறம் அவருக்கு விளம்பரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கடைசிவரை பேட்டி என்று யாருக்கும் கொடுக்கவில்லை. என்னைப் பற்றித் தெரியவேண்டுமா, என் புத்தகத்தைப் படியுங்கள் என்பதோடு சரி.

புல் குடிசையில் லண்டன்

ரொனால்டுக்குச் சுரங்க வேலை. முதலில் காகசஸ் மலைப்பக்கம் போனார். அடுத்து ஆப்பிரிக்காவில் டாங்கனிகா, அதாவது இன்றைய டான்சானியா. அம்மணியும் அங்கே போய்ச் சேர்ந்தார். காட்டுக்கு நடுவே யானைப்புல் வேய்ந்த குடிசை. சுற்றிலும் சிங்கம், காண்டாமிருகம். (காண்டாமிருக வேட்டையைப் பற்றிப் பிற்பாடு பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். எதையும் வீணாக்குகிற ரகமில்லை!)

அந்தக் குடிசையில் உட்கார்ந்துகொண்டு 1745-ம் வருஷத்து லண்டனைப் பற்றி ஒரு நாவல் எழுதினார்: 'தி மாஸ்கரேடர்ஸ்'. பார்த்து எழுதப் புத்தகம் ஒன்றுகூடக் கையில் இல்லை. எல்லாம் ஞாபகத்திலிருந்து. பிற்பாடு சரிபார்த்தால் காலக் கணக்கில் ஒரே ஒரு பிழை. லண்டனில் ஒரு கிளப் திறந்த வருஷத்தை ஒரு வருஷம் முன்னால் போட்டுவிட்டாராம். அவ்வளவே! நாம் போன வருஷத்து ஃபைலைத் தேட நாலு நாள் எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்த ஊர் மாசிடோனியா. அங்கே ஒரு பல் வைத்தியர் மயக்க மருந்தைத் தாறுமாறாகக் கொடுத்ததில் அம்மணிக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. போதும் சாமி, குழந்தை குட்டி என்று ஆவதற்குள் ஊர் திரும்பிவிடவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். 1929-ல் ரொனால்ட் வேலையை விட்டார்.

கொலை உங்களுடையது, பேச்சு என்னுடையது

கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்ன கதை இங்கேதான் வருகிறது. காஸ், விளக்கு வியாபாரம் ஒன்றில் இறங்கிப் பார்த்தார் ரொனால்ட். சரிப்படவில்லை. மனைவி வழி அத்தை, சித்திமாரிடம் கடன் வாங்கி ஹார்ஷம் என்ற ஊரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்தார். மாடியில் மச்சினன் போரிஸுக்கு ஜாகை, கடையில் ஒத்தாசை. கடை வருமானம் கைச்செலவுக்கு. குடும்பச் செலவுக்கு அம்மணியின் நாவல்.

1932-ல் மகன் ரிச்சர்ட் பிறந்தான். அந்த வருஷத்திலிருந்து ஒரு புது ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு காதல் நாவல், ஒரு துப்பறியும் நாவல். செலவு ஏறினால் உற்பத்தியும் ஏறத்தானே வேண்டும்?

துப்பறியும் நாவலில் கணவனும் கூட்டு. யார், யாரை, எப்படிக் கொன்றார்கள் என்கிற சூத்திரம் ரொனால்டின் மூளை. ஆட்கள், குடும்பச் சண்டை, கிண்டல் பேச்சு எல்லாம் அம்மணியின் கை. இதில் ஒரு வேடிக்கை. ஒரு தடவை கடைசி அத்தியாயம் எழுதவேண்டிய நேரத்தில் பேனாவை வைத்துவிட்டு, இந்தக் கொலையை நிஜமாகவே எப்படித்தான் செய்தார்கள், இன்னொரு தரம் விளக்கிச் சொல்லுங்கள் என்று கணவரிடம் கேட்டாராம்!

அம்மணி தன் கதாநாயகர்களை இரண்டே ரகமாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் ரகம் முரடன், முன்கோபி, சள்ளென்று விழுகிறவன். இரண்டாம் ரகம் பணக்காரன், நாகரிகமானவன், உடுப்பில் குறை காணமுடியாதவன், குதிரை வண்டி ஓட்டுவதில் சூரன். ரொனால்ட் இதில் எந்த ரகம்? இரண்டும் இல்லை. கடையைப் பார்த்துக்கொண்டு, சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, ராத்திரி மனைவிக்குக் கொலைத் திட்டம் போட்டுக் கொடுத்த ஆசாமி. அந்த ரகத்தை அவர் நாவலில் வைக்கவில்லை. வீட்டில் வைத்துக்கொண்டார்.

1939-ல் ரொனால்ட் வக்கீலானார். அடுத்த இருபது வருஷத்தில் 'குயின்ஸ் கவுன்சல்' என்ற பெரிய வக்கீல் பட்டமும் வந்தது. மகன் ரிச்சர்டும் அப்பா வழியில் வக்கீலுக்குப் படித்துப் பிற்பாடு ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனார். போட்ட முதல் வீணாகவில்லை!

மெழுகுவத்தி என்ன விலை?

லேசான கதைதானே, மனம் போனபடி எழுதியிருப்பார் என்று நினைத்தால் ஏமாந்தோம். வீட்டில் ஆயிரத்துக்கு மேல் சரித்திரப் புத்தகங்கள். மூக்குப்பொடி டப்பாவின் வரலாறு, கடைப் பெயர்ப்பலகைகளின் வரலாறு என்றெல்லாம்கூட. குறிப்பு அட்டைகளில் தொப்பி, துணி, கடைகள், விலைவாசி என்று தனித்தனித் தலைப்பு. இன்ன வருஷத்தில் மெழுகுவத்தி என்ன விலை? இருக்கிறது. அந்தக் காலத்துக் காதலன் காதலியை என்னவென்று கொஞ்சுவான்? அதற்கும் ஒரு பட்டியல் நோட்டு இருக்கிறது.

வெலிங்டன் பிரபு எப்படி எழுதுவார் என்று பிடிபடுவதற்காக அவர் கையால் எழுதிய கடிதம் ஒன்றை விலைக்கே வாங்கினார். வாட்டர்லூ யுத்தத்தை வைத்து 1937-ல் அவர் எழுதிய 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' நாவலில் வெலிங்டன் பேசுவதெல்லாம் அவர் நிஜமாகவே பேசியது அல்லது எழுதியது. அந்த யுத்த வர்ணனையை சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியிலேயே பாடத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்றால் பாருங்களேன்!

வரி ஆபீசுக்காக ஒரு காதல்

மார்ச் மாதம் வந்தால் வாடகை ரசீது தேடி அலையும் ஆபீஸ் நண்பர்களே, இந்தப் பகுதி உங்களுக்கு.

புத்தகம் விற்க விற்க வருமானம் ஏறியது. வருமானம் ஏற ஏற வரி ஏறியது. வரி கட்டப் பணம் வேண்டும். அதற்கு இன்னொரு நாவல். அந்த நாவலும் விற்றுத் தொலைக்கும். அதற்கும் வரி! கஜானாவுக்காகவே எழுதி எழுதி அலுத்துவிட்டது என்று கடிதங்களில் புலம்பியிருக்கிறார். ஹெரான் என்டர்பிரைசஸ் என்று சொந்தக் கம்பெனிகூட ஆரம்பித்துப் பார்த்தார். 1960-களில் அதை புக்கர் நிறுவனம் வாங்கிக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது. 17 நாவல்களுக்குச் சுமார் 85,000 பவுன். (1969-ல் புக்கர் பரிசைத் தொடங்கியது அதே நிறுவனம்தான்.)

இதில் நிஜமாகவே மனசு கஷ்டப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. லங்காஸ்டர் ராஜ வம்சத்தைப் பற்றி மூன்று பாகமாக ஒரு பெரிய சரித்திர நாவல் எழுதவேண்டும் என்பது அவர் ஆசை. 1950-ல் தொடங்கினார். நடுநடுவே வாசகர்கள் காதல் கதை கேட்டார்கள், வரி ஆபீஸ் பணம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் பெரிய நாவலை மூடி வைத்துவிட்டுச் சின்ன நாவலுக்குப் போனார். முதல் பாகமே முடியவில்லை. அவர் போன பிறகு 1975-ல் 'மை லார்ட் ஜான்' என்று அந்த அரைகுறை அச்சில் வந்தது.

சிறைக்குள் ஒரு நாவல்

தன் காதல் கதைகளைப் பற்றி அவருக்கே பெரிய மரியாதை கிடையாது. இந்த அசட்டுத்தனத்தை எழுதுவதற்கு என்னைச் சுட்டுவிடலாம் என்றே ஒரு கடிதத்தில் கேலி செய்துகொண்டார். ஆனால் அதே மூச்சில், குண்டு விழுகிறபோது பதுங்கு அறையில் உட்கார்ந்திருந்தாலோ, காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தாலோ எனக்கே இதைப் படிக்கப் பிடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். படுக்கையில் கிடந்த தம்பிக்குச் சொல்ல ஆரம்பித்தவர் அல்லவா! யாருக்காக எழுதுகிறோம் என்பது மறக்கவில்லை.

அதற்கு ஒரு நாள் பதில் வந்தது. ருமேனியாவில் அரசியல் கைதியாகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்த ஒரு பெண்ணின் கடிதம். ஜார்ஜெட்டின் 'ஃப்ரைடேஸ் சைல்ட்' நாவல் அவளுக்கு மனப்பாடம். சண்டை போட்டுக்கொண்டு, பிறகு காதலில் விழும் ஓர் இளம் தம்பதியின் சிரிப்புக் கதை அது. அதையே சக கைதிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி, தானும் அவர்களும் புத்தி பேதலிக்காமல் தாக்குப்பிடித்ததாக எழுதியிருந்தாள்.

வாசகர் கடிதங்களுக்கு அவ்வளவாக மயங்காத அம்மணி, அந்தக் கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

1974 ஜூலை 4-ல் ஜார்ஜெட் ஹேயர் காலமானார். ஓயாத சிகரெட் பழக்கம், நுரையீரல் புற்றுநோய். மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் லட்சக்கணக்கான வாசகர்களுக்கு ஒரு விஷயமே தெரிந்தது. அரை நூற்றாண்டாக அந்தக் கதைகளையெல்லாம் எழுதிய பெண்மணி, வக்கீல் ரொனால்ட் ரூஜியரின் சம்சாரம்!